பிறையின் கோடும் சரக்கின் விலையும்

மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் உலர்த்தி, மெருகேற்றிச் சாக்குப் பிடிக்கும் மாசி, பங்குனி மாதங்களில், நம் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழுவதை அங்கத்தினர்கள் கேட்டிருப்பீர்கள். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலை மேற்கே தோன்றும் பிறையை யாரேனும் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். பிறையின் முனைக்குக் கோடு என்பது பழைய பெயர். வடபுறத்து முனை வடகோடு. தென்புறத்து முனை தென்கோடு. "தென்கோடு உயர்ந்து நிற்கிறது, இந்த வருஷம் காலம் சரியில்லை" என்று அவர் சொல்லுவார். அருகில் நிற்பவர்கள் தலையசைப்பார்கள். மறுநாட் காலைக்குள் அந்தச் சொல் சந்தை வரை போய்ச் சேர்ந்துவிடும்.

இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில், எங்கள் ஊருக்கு வழக்கமாக வரும் வியாபாரி ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பிறையைச் சுட்டிக்காட்டி, பஞ்சம் வரப் போகிறது, மக்கள் கையில் காசு இராது, மஞ்சள் விலை விழுந்துவிடும், இப்போதே தள்ளிவிடுவது நல்லது என்று ஆதரவாகப் பேசினார். சங்கத்துக் கிடங்கில் ஒரு மூட்டையும் வைக்காமல் அவ்வளவையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அதே வாரத்தில் பக்கத்து ஊரில் தறி வைத்திருக்கும் என் மைத்துனர் வீட்டிற்கு, அவ்வியாபாரியின் உறவினரான நூல் வியாபாரி ஒருவர் சென்றிருக்கிறார். தென்கோடு உயர்ந்துவிட்டது, பருத்தி பொய்க்கும், நூல் விலை ஏறிவிடும், இரண்டு மாதத்து நூலை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மைத்துனரும் கடன்பட்டு எடுத்துவிட்டார். பின்னர் ஒரு கலியாண வீட்டில் நாங்கள் இருவரும் சந்தித்து இதைப் பேசியபோதுதான் விஷயம் விளங்கிற்று. விற்பவனிடம் விலை இறங்கும் என்றும், வாங்குபவனிடம் விலை ஏறும் என்றும் ஒரே பிறை சாட்சி சொல்லியிருக்கிறது! முதலில் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சங்கத்தின் மூலம் இருப்பு வைத்தவர்கள் அவ்வாண்டு வைகாசியில் என்னைவிட நல்ல விலை பெற்றார்கள். நியாயமாகச் சொல்லவேண்டுமானால், வேறு ஒரு வருஷம் வைத்திருந்தவர்களுக்கு விலை இறங்கவும் இறங்கிற்று. அந்த வருஷமும் பங்குனிப் பிறையின் தென்கோடு உயர்ந்துதான் இருந்தது.

அன்று முதல் மாதந்தோறும் மூன்றாம் பிறையின் சாய்வை வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வரலானேன். அந்தக் குறிப்புகளிலிருந்தும், வான சாத்திரம் கூறுவதிலிருந்தும் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். பிறையின் சாய்வு நாம் நிற்கும் இடம் எது, நடக்கும் மாதம் எது என்ற இரண்டையும் சொல்லும். வருகிற மழையைப் பற்றியோ விலையைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது.

முதலில் பிறை ஏன் சாய்கிறது என்பதைப் பார்ப்போம். இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். பழத்தை எங்கே பிடித்தாலும் விளக்கை நோக்கிய பாதிதான் ஒளி பெறும். சந்திரனும் அவ்வாறே. அதன் ஒளிபெற்ற முதுகு எப்போதும் சூரியனையே நோக்கி நிற்கும். பிறையை ஒரு வில்லாக எண்ணி, இரு கோடுகளுக்கும் இடையே நாண் கட்டி, நடுவில் அம்பு தொடுத்தால், அவ்வம்பு அஸ்தமித்த சூரியன் இருக்கும் திசையையே குறிவைக்கும். சூரியன் பிறைக்கு நேர் கீழே இருந்தால் அம்பு நேர் கீழே நோக்கும். இரு கோடுகளும் சமமாக நின்று பிறை தோணிபோல் மிதக்கும். சூரியன் பிறைக்குக் கீழே வலப்புறம், அதாவது வடபுறம், ஒதுங்கியிருந்தால் அம்பும் அப்படியே வடக்கே திரும்பும். அப்போது வடகோடு மேலே போகும். சூரியன் தென்புறம் ஒதுங்கியிருந்தால் தென்கோடு மேலே போகும். பிறையின் சாய்வு என்பது இவ்வளவுதான். மூன்றாம் நாள் மாலையில் சூரியனுக்கு எந்தப் பக்கத்தில் சந்திரன் நிற்கிறது என்பதே இங்குள்ள ஒரே கேள்வி.

அதற்கு விடை இரண்டு பகுதியாக அமைந்தது. ஒரு பகுதி ஊரைப் பொறுத்தது. மேற்கே சூரியன் இறங்குவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அது கிணற்றில் விட்ட வாளிபோல் செங்குத்தாக இறங்குவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து இறங்குகிறது. இச்சாய்வு பூமத்திய ரேகையிலிருந்து அவ்வூர் எவ்வளவு வடக்கே உள்ளதோ ஏறக்குறைய அவ்வளவு. ஈரோடும் கோவையும் பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கின்றன. ஆகவே நமக்குச் சாய்வு 11 பாகை. சூரியன் வந்த வழியே திரும்பி மேலே ஏறினால் நாம் இடப்புறமாக, தெற்கே, 11 பாகை ஒதுங்கிப் போவோம். சந்திரன் சரியாக இந்த வழியிலேயே நிற்குமானால் ஆண்டு முழுவதும் நமக்கு வடகோடு 11 பாகை உயர்ந்தே தோன்றும்.

மற்றப் பகுதி மாதத்தைப் பொறுத்தது. சந்திரன் அந்த வழியில் நிற்பதில்லை. சூரியன் பன்னிரண்டு இராசிகளின் ஊடே ஓராண்டில் நடக்கும் பாதை ஒன்று உண்டு அல்லவா? சந்திரனும் அப்பாதையை ஒட்டியே நடக்கிறது. ஆனால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் சுற்றிவிடுகிறது. மூன்றாம் பிறையன்று சந்திரன் சூரியனுக்கு முன்னே 30 பாகை அளவு, அதாவது ஓர் இராசி அளவு, முந்திச் சென்றிருக்கும். இதையே வேறு விதமாகச் சொன்னால், மூன்றாம் பிறை இன்று நிற்கும் இடம், சூரியன் இன்னும் சுமார் ஒரு மாதம் கழித்து வந்து சேரப் போகும் இடம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

சூரியன் வடக்கேயும் தெற்கேயும் நகர்வது உழவர்களுக்குப் புதிதன்று. அஸ்தமன இடம் எந்தப் பனைமரத்திலிருந்து எந்தக் குன்று வரை போய்த் திரும்புகிறது என்பது நம் பாட்டனார் காலத்திலிருந்து நாம் காண்பது. பங்குனியில் அது வேகமாக வடக்கே போகிறது. ஆகவே ஒரு மாதத்திற்குப் பின் வரப்போகும் இடம் இன்றைய இடத்திற்கு வடக்கே உள்ளது. பிறையும் அங்கே, வடபுறம், நிற்கிறது. புரட்டாசியில் சூரியன் அதே வேகத்தில் தெற்கே போகிறது. பிறையும் தென்புறம் நிற்கிறது. மார்கழி முற்பகுதியிலும் ஆனி முற்பகுதியிலும் சூரியன் திரும்பும் காலமாதலால் வடக்கு தெற்கு அசைவு மிகக் குறைவு. (தை முதல் நாளே உத்தராயணம் என்று நாம் கொண்டாடுகிறோம். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி, மார்கழியின் முதல் வாரத்திலேயே. பல நூற்றாண்டுகளில் ஏற்பட்ட அயன நகர்வினால் வந்த வித்தியாசம் இது. பண்டிகைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.)

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், சம இரவுக் காலங்களில் இந்த வடக்கு தெற்கு ஒதுக்கமும் 23½ பாகை வரை போகும். இப்போது கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். மார்ச் 21ஐ ஒட்டி, பங்குனி முதல் வாரத்தில், ஊரின் சாய்வு 11 பாகை தெற்கே இழுக்கிறது. பருவத்தின் சாய்வு 23½ பாகை வடக்கே இழுக்கிறது. மீதி 12½ பாகை வடக்கே. எனவே பிறை வடபுறம் நின்று, தென்கோடு 12½ பாகை உயர்கிறது. செப்டம்பர் 23ஐ ஒட்டி, புரட்டாசி முதல் வாரத்தில், இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கின்றன, 34½ பாகை. வடகோடு நன்றாகத் தூக்கி நிற்கும். மார்கழி, ஆனி மாதங்களில் வடகோடு 12 பாகை அளவு உயரும். தை முதல் வாரத்திலும் வைகாசி முதல் வாரத்திலும் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் பிறை நம் வானில் தோணியாகிறது.

ஆக, ஈரோட்டுக் களத்தில் நின்று பார்ப்பவனுக்குத் தை நடுவிலிருந்து வைகாசி முற்பகுதி வரை தென்கோடு உயர்வது இயல்பு. மற்ற மாதங்களில் வடகோடு உயர்வது இயல்பு. மஞ்சள் சந்தைக்கு வரும் காலமும் தென்கோடு உயரும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல். அந்தத் தற்செயல்தான் திண்ணையில் வந்து உட்கார்ந்து என் சரக்கை வாங்கிக்கொண்டு போயிற்று.

விடியற்காலையில் எழுந்து தறியில் அமரும் நெசவாளர்கள் இதைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. அமாவாசைக்கு முன் கிழக்கே தோன்றும் தேய்பிறைக்கு இக்கணக்கு தலைகீழாகும். புரட்டாசியில் அதிகாலைத் தேய்பிறையைப் பார்த்தால் அது பங்குனி மாலைப் பிறையைப் போலத் தென்கோடு சற்றே உயர்ந்து நிற்கும். அதே புரட்டாசியில், சில நாள் கழித்து மாலையில் பார்த்தால் வடகோடு தூக்கி நிற்கும். ஒரே மாதத்துக்குள் பஞ்சமும் செழிப்பும் இரண்டையும் சந்திரன் அறிவிக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. அதை மறைக்கக் கூடாது. எல்லாப் பங்குனியும் ஒரே அளவாக இல்லையே, சென்ற ஆண்டு ஏறக்குறைய சமமாக இருந்தது, இவ்வாண்டு அதிகமாகச் சாய்ந்திருக்கிறதே என்பார்கள். அவர்கள் கண்டது உண்மை. சந்திரன் சூரியனுடைய பாதையில் அப்படியே நடப்பதில்லை. அதற்கு வடக்கேயும் தெற்கேயும் 5 பாகை வரை விலகி நடக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களைத்தான் நம் முன்னோர் இராகு, கேது என்றனர். அவ்விடங்கள் வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 18 ஆண்டு 7 மாதம் ஆகின்றது. இதனால் மூன்றாம் பிறையின் சாய்வு ஆண்டுக்காண்டு சுமார் 10 பாகை வரை கூடலாம், குறையலாம். பங்குனியில் தென்கோடு ஓராண்டு சமத்திற்குச் சற்றே மேலும், மற்றோர் ஆண்டு 20 பாகைக்கு மேலும் உயர்வது இதனால்தான். இதுவும் முன்கூட்டியே கணக்கிடத் தக்கது. கிரகணத்தை நாழிகை பிசகாமல் சொல்லும் அதே இராகு கேதுக் கணக்கு இதற்கும் போதும். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வரும் பங்குனிப் பிறை எவ்வளவு சாயும் என்று இன்றே சொல்ல முடியுமானால், அந்தச் சாய்வில் அவ்வாண்டின் மஞ்சள் விலை எப்படி அடங்கியிருக்கும்?

சாய்வு ஊரைப் பொறுத்தது என்றேன். நம் தமிழ் மக்கள் போய்க் குடியேறிய நாடுகளை எண்ணிப் பார்த்தாலே இது தெளிவாகும். யாழ்ப்பாணத்தில் நம் கணக்கே பொருந்தும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு அருகில், 1 பாகை சொச்சம் வடக்கே உள்ளது. அங்கே ஊரின் இழுப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே பங்குனியில் தென்கோடும் புரட்டாசியில் வடகோடும் ஏறக்குறைய சமஅளவு உயர்கின்றன. தோணிப்பிறை மார்கழியிலும் ஆனியிலும் வருகிறது. பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போய்விட்டால் ஊரின் இழுப்பே திசை மாறிவிடும். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் அதில் இருந்தார்கள். டர்பன் 30 பாகை தெற்கே உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வடகோடு உயர்ந்து நின்ற பிறை, அங்கே மேற்கு வானில் தென்கோடு உயர்ந்து நின்றிருக்கும். அவர்களுக்கு அங்கே நேர்ந்த துன்பங்கள் எண்ணற்றவை. அவற்றுக்கு ஒப்பந்தமும் முதலாளிகளும் காரணம். பிறை அவர்கள் ஊர் மாறியதைத்தான் காட்டிற்று. அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு அதுவே பிறையின் இயல்பான கோலமாகிவிட்டது.

வடக்கே போனால் நேர்மாறு. லண்டன் 51½ பாகை வடக்கே உள்ளது. செப்டம்பரில் அங்கே பிறை 75 பாகை சாய்ந்து, சுவரில் சாத்திய வில்லைப்போல் ஏறக்குறைய நின்றுவிடும். மார்ச்சிலும் சுமார் 28 பாகை அளவு வடகோடே உயர்ந்திருக்கும். நம் பிள்ளைகளின் படப் புத்தகங்களில் பிறை எப்போதும் நிமிர்ந்து நிற்பதன் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அந்தப் படத்தை முதலில் வரைந்தவன் குளிர்நாட்டில் இருந்து வரைந்தான். நம் குழந்தை வீட்டு வாசலில் தோணியைப் பார்க்கிறது. பாடத்தில் நிற்கும் வில்லை வரைகிறது. ஆசிரியரும் சரி என்று குறியிடுகிறார். யாரும் ஒருமுறை வெளியே வந்து பார்ப்பதில்லை.

சரி, பஞ்சாங்கத்தில் வடகோடு உயர்வு, தென்கோடு உயர்வு என்று குறிக்கிறார்களே, சாத்திரத்தில் பலனும் சொல்லியிருக்கிறதே என்று நம் மூத்த அங்கத்தினர் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நான் மரியாதையுடன் சொல்லுவது இது. நம் முன்னோர் செய்தவை இரண்டு. ஒன்று கணக்கு. சூரிய சித்தாந்தத்தின் பத்தாம் அத்தியாயம் பிறையின் கோடு உயரும் அளவைக் கணிக்கும் முறையைக் கூறுகிறது; அதற்குச் சிருங்கோன்னதி என்று பெயர். அது வியக்கத்தக்க கணிதம். மற்றொன்று பலன். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருஹத் சம்ஹிதையில் சந்திரனைப் பற்றிய அத்தியாயம் ஒன்றுண்டு. தோணி, கலப்பை, நுகத்தடி, வில் என்று பிறையின் கோலங்களுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் பலன் சொல்லப்பட்டிருக்கிறது. வடகோடு உயர்ந்தால் நலமும் மழையும், தென்கோடு உயர்ந்தால் பஞ்சமும் அச்சமும் என்பது அங்கே காணும் கருத்து.

ஆனால் வராகமிகிரர் வாழ்ந்தது அவந்தி நாடு. அதன் தலைநகர் உச்சயினி. அது 23 பாகைக்குச் சற்று வடக்கே, கடக ரேகையை ஒட்டி இருக்கிறது. நம் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். மார்ச்சில் ஊர் தெற்கே இழுப்பதும் பருவம் வடக்கே இழுப்பதும் ஏறக்குறைய சமம், பிறை தோணியாகிவிடும். ஆண்டின் மற்றெல்லா மாதங்களிலும் வடகோடே உயரும். தென்கோடு உயர வேண்டுமானால் சந்திரன் தன் பாதையில் வடக்கே விலகியிருக்கும் ஆண்டாக வேண்டும்; அதுவும் மார்ச்சை ஒட்டிய பருவமாக வேண்டும்; அப்போதும் சிறிதளவே உயரும். அங்குள்ளோருக்குத் தென்கோடு அரிய காட்சி. அரிய காட்சியைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. வால் நட்சத்திரத்திற்கு அஞ்சியதும் அவ்வாறே. உச்சயினியில் அரிதாக இருந்தது, 11 பாகைக்கு இறங்கி வந்த நமக்கு ஆண்டுதோறும் நான்கு மாதம் வரும் வழக்கமான காட்சி. அந்நாட்டுக்குச் சொன்ன பலனை அப்படியே எடுத்துக்கொண்டால், தமிழ் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சம் வந்திருக்கவேண்டும்; இன்னும் தெற்கே நாகர்கோவிலில் அதைவிடக் கடுமையாக வந்திருக்கவேண்டும். காவிரிக் கரையில் இத்தனை நூற்றாண்டு நெல் விளைந்திருக்க முடியாது. கணக்கை நாம் மறந்துவிட்டோம். பலனை மட்டும் பிடித்துக்கொண்டோம். முன்னோர் தந்த சொத்தில் பெட்டியை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் எடுத்துவந்தது போலாயிற்று.

மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று கூறுவேன். தமிழ் நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. அடுத்த 2016ஆம் ஆண்டில் அதே பருவமழை பொய்த்தது. பெய்ய வேண்டியதில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசாங்கம் அறிவித்தது. இவ்விரண்டு ஆண்டுகளிலும் ஐப்பசி மாதத்து மூன்றாம் பிறையில் வடகோடுதான் உயர்ந்திருந்தது. அம்மாதத்தில் நம் வானில் வேறு விதமாக இருக்கவும் முடியாது. வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் ஒரே கோலத்தைக் காட்டும் குறியை நம்பி எவன் விதை வாங்குவான்?

எங்கள் சங்கத்தில் நெடுநாள் அங்கத்தினரான முஸ்லிம் நெசவாளப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் எழுபது வயது கடந்தவர். சிறுவயது முதல் ஒவ்வோர் ஆண்டும் ரம்ஜான் பிறையைத் தேடிப் பார்த்தவர். அப்பண்டிகை சூரிய ஆண்டில் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. அது 2008ல் அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. 2025ல் மார்ச் இறுதியில் வந்தது. "மழைக்கால ரம்ஜானில் பிறை ஒருக்களித்து நிற்கும், வெயில்கால ரம்ஜானில் மல்லாந்து கிடக்கும். எங்களுக்கு வேண்டியது பிறை தெரிந்ததா என்பதுதான், எப்படிக் கிடந்தது என்பதில்லை" என்றார் அவர். நான் நோட்டில் பல ஆண்டு குறித்துத் தெரிந்துகொண்டதை அவர் நோட்டில்லாமலே தெரிந்துவைத்திருந்தார்.

இனி நம் சங்கம் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வெறும் வார்த்தையால் இந்த நம்பிக்கை போகாது. போகவேண்டும் என்று கட்டளையிடவும் நமக்கு உரிமையில்லை. அளந்து பார்த்தால் போகும். அதற்கு ஒரு முழ நீளப் பலகை, ஒரு நூல், நூலின் முனையில் கட்ட ஒரு சிறு குண்டு, பள்ளிப் பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும் பாகைமானி ஆகிய இவ்வளவே தேவை. பாகைமானியைப் பலகையின் பக்கத்தில், அதன் நேர் விளிம்பு பலகையின் மேல் விளிம்போடு ஒத்திருக்கும்படி பதித்து, அதன் நடுப்புள்ளியிலிருந்து நூல்குண்டைத் தொங்கவிட வேண்டும். மூன்றாம் பிறையன்று மாலை, சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்திற்குள், பலகையின் மேல் விளிம்பு பிறையின் இரு கோடுகளையும் தொடுமாறு கையை நீட்டிப் பிடித்து, நூல் எந்தப் பாகையில் விழுகிறது என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லவேண்டும். 90லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே சாய்வு. இரண்டு மூன்று பாகை பிழை வரும். அதனால் கெடுதல் இல்லை. வடகோடா தென்கோடா என்பதும், பாகை எவ்வளவு என்பதும், அன்று ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் விற்ற விலையும், நூலின் விலையும், அம்மாதம் பெய்த மழையும் ஒரே வரியில் சங்கத்துப் பதிவேட்டில் ஏறவேண்டும். பிறையைப் பற்றிய பேச்சு எழும்போது அப்பதிவேட்டைத் திறந்து காட்டினால் போதும், விவாதம் வேண்டியதில்லை.

இதை நிர்வாகக் குழுவின் முன் வைத்தேன். வேலை மெனக்கெட்டு வானத்தை அளப்பது சங்கத்தின் வேலையா என்று ஒருவர் கேட்டார். தராசை முத்திரையிட்டுச் சோதிப்பது சங்கத்தின் வேலையென்றால், நம் சரக்கை நிறுக்கும் பேச்சுகளைச் சோதிப்பதும் சங்கத்தின் வேலைதான் என்று பதில் சொன்னேன். குழு ஒப்புக்கொண்டது. பலகையைச் செய்ய எங்கள் ஊர்த் தச்சர் கூலி வாங்கவில்லை. அது இப்போது கிடங்கின் வாசலில், எடைக்கல்லுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வருகிற மூன்றாம் பிறையன்று அளப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகள் நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.